சித்திக்கு வந்த பழக்கம்

அந்தப் பல் டாக்டரிடம் எல்லாப் பிள்ளைகளும் ஒட்டிக்கொள்ளும். சொந்த அக்கா மகள் மட்டும் அவளைக் கண்டால் காத தூரம் ஓடினாள். சித்தி, சித்தி என்று காலையே சுற்றி வந்த குட்டிதான். பல்லைக் குடையும் மெஷின் ஒருமுறை பட்டு வலித்துவிட்டது, அன்றோடு சரி. இப்போது வீட்டில் மிக்சி ஓடினாலே வாயைப் பொத்திக்கொள்கிறாளாம். அதைக் கேட்டு டாக்டருக்கு மனசே ஆறவில்லை.

குட்டியின் சொத்தைப் பல்லுக்கு இதெல்லாம் தெரியுமா? இன்றும் அடைக்க முடியாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அக்கா மகளைக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். மெஷின் முனகியதுதான் தாமதம், கூரை பிய்ந்துபோகிற மாதிரி குட்டி அலறினாள். டாக்டர் பதறி நிறுத்தினாள். "சரிடா கண்ணு, வீட்டுக்குப் போலாம்" என்று அக்கா வழக்கம்போல் மகளைத் தூக்கிக்கொண்டாள். அலறல் பட்டென்று நின்றது.

வாசல் வரை போன அக்கா அப்படியே நின்றாள். கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள் அவள்.

"நமக்கு மூளையே இல்லடி! சத்தத்தோட வலி சேர்ந்து வந்துச்சு, அதனால சத்தம் கேட்டாலே பயம் தானா வருது. அது அவ கையில இல்ல. அலறல் வேற. அலறினா வீட்டுக்குப் போகலாம்னு நாமதான் பழக்கி வச்சிருக்கோம்!"

"இதைத்தானேக்கா வருஷம் பூரா பாடம் நடத்துற?"

"அது கிளாஸ்லடி..." அக்கா அசடு வழிந்தாள்.

முதலில் பயத்துக்கு வைத்தியம். டாக்டர் தள்ளி நின்று மெஷினை ஓடவிட்டாள். அது ஓடும்போதெல்லாம் அக்கா சோப்புக் குமிழி ஊதினாள், நின்றால் குமிழியும் நின்றது. கொஞ்ச நேரத்தில், "சித்தி, போடுங்க, போடுங்க!" என்று குட்டியே குதித்தாள்.

அடுத்தது அலறல். டாக்டர் பல்லோரம் மரத்துப்போக மருந்து தடவினாள். "கத்த வேணாம். கையைத் தூக்கு, உடனே நிறுத்திடுறேன்."

குட்டி வாயைத் திறந்தாள். மெஷின் ஓடியது. கை உயர்ந்தது, டாக்டர் நிறுத்தினாள். கை இறங்கியதும் தொடர்ந்தாள். மறுபடி உயர்ந்தது, மறுபடி நிறுத்தினாள். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஒருவழியாகப் பல்லும் அடைபட்டது. கடைசியாகப் பளபளப்பாக்கும்போது கை இன்னொரு முறை உயர்ந்தது.

"வலிக்குதாடா?"

"வலிக்கவே இல்ல சித்தி. சொன்னா கேக்குறீங்களான்னு பாத்தேன். நல்லா கேக்குறீங்க!"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டருக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. குட்டி பெருமையோடு சித்தியின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.