கிளி அறைக்காரரின் மாத்திரை

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சின்னவள் மறைத்துக்கொண்டுதான் இருந்தாள். அதுவும் தனியாக இல்லை. முதியோர் இல்லத்துப் பொறுப்பாளர், நர்ஸ், தரை துடைக்கிற பெண் என்று ஒரு பட்டாளமே கூட நின்று கை கொடுத்தது. அம்மா இறந்துபோனது அப்பாவுக்குத் தெரியாது.

சின்னவள் என்று பெயர்தானே தவிர, தலை பாதி நரைத்தாயிற்று. கடல் கடந்து போன அண்ணன் ஒருத்தன் மேலே இருக்கிறான், அதனால் இவள் என்றைக்கும் சின்னவள். டிரை கிளீனிங் கடையில் வேலை. வருகிற துணிக்கெல்லாம் காலரின் உள்பக்கம் எண் துண்டு குத்த வேண்டும். ஒருத்தர் கால்சட்டை இன்னொருத்தர் வீட்டுக்குப் போய்விட்டால் போதும், கடையை இரண்டாக்கி விடுவார்கள். துணிக்கே இந்தப் பாடு. மனுஷருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

அப்பா பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டியவர். இடுப்பு எலும்பு முறிந்தபின் எழுந்து நடக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அம்மாவுக்கோ தன் உடம்பைத் தூக்குவதே பெரும்பாடு. வேறு வழியில்லாமல் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். பார்க்க நல்ல இல்லம்தான். அங்கே கதவுகளில் எண் கிடையாது, பெயர் கிடையாது. எண் போட்டால் ஜெயில் மாதிரி இருக்கிறதாம். அதனால் ஒவ்வொரு கதவிலும் ஒரு பறவைப் படம். மறதிக்காரர்கள் கூடப் படத்தைப் பார்த்துத் தங்கள் அறையைக் கண்டுபிடித்து விடுவார்களாம். யோசனை என்னவோ நல்ல யோசனை. ஆனால் அதே படத்தை மாத்திரைக் கிண்ணத்திலும் ஒட்டினார்கள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அப்பா முதலில் புறா அறையில் இருந்தார். அது இருட்டு, எதிரே சுவர். அம்மா பொறுப்பாளரிடம் நடையாய் நடந்து அவரைக் கிளி அறைக்கு மாற்றினாள். அந்த அறையில் முன்பு இருந்தவர் ராத்திரியெல்லாம் எழுந்து நடந்து கூச்சல் போடுகிறவர். அவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை யானையையும் சாய்த்துவிடும். அவரை அவர் பிள்ளைகள் வேறிடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஆள் போனார், கிளிக் கிண்ணம் போகவில்லை. மருந்தறையில் அதை வழக்கம்போல் நிரப்பினார்கள்; வண்டி தள்ளுகிறவள் வழக்கம்போல் கிளிக் கதவைத் தட்டிக் கொடுத்தாள். அப்பாவின் பழைய புறாக் கிண்ணமும் அவரைத் தேடி வந்து சேர்ந்தது. ஒரு கிழவருக்கு இரண்டு கிண்ணம் எதற்கு என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்பாவோ, கையில் வைத்ததை விழுங்குகிற மனிதர்.

பெயர் கிளி அறை; உள்ளே இருந்தவர் பேச்சையே நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது தூங்கினார், பேசப் பேசத் தூங்கினார். இது தூக்கமில்லை, வேறென்னவோ என்று அம்மா நர்ஸிடம் சொன்னாள், வந்துபோகிற டாக்டரிடம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வந்தது: வயசாகுதும்மா. சின்னவளும் அதையேதான் சொன்னாள். அப்படியே ஒரு வருஷம் ஓடிற்று. அந்த வருஷத்துக்குள்தான் ஒரு நாள் கடைத்தெருவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மா, உட்கார்ந்தபடியே போய்விட்டாள்.

அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சாவு வீட்டுக்கு அழைத்து வந்து முன்வரிசையில் நிறுத்தினார்கள். அவரைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: மனிதர் சரியான அழுமூஞ்சி. ரேடியோவில் சோகப் பாட்டுப் போட்டால் அழுவார். அடுத்த வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தில் பெற்றவர்களை முந்திக்கொண்டு அழுதவர். அப்படிப்பட்டவர் அன்றைக்குத் தாடை நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தரம் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். கட்டினவ போயிருக்கா, மனுஷன் குறட்டை விடுறாரே, என்ன நெஞ்சோ என்று சித்தி காது கேட்கவே சொன்னாள். சின்னவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பதில் சொல்ல ஏது நேரம்? வண்டிக்காரருக்குச் சொல்ல வேண்டும், வந்தவர்களுக்கு நாற்காலி போட வேண்டும், அண்ணனுக்குப் போனில் காட்ட வேண்டும். அன்றைக்கு மரத்துப்போன மனசு அவளுக்குத் திரும்பவேயில்லை. மறுநாளே கடைக்குப் போய் எண் துண்டு குத்தினாள். முதலாளி ஆச்சரியப்பட்டார், அவள் படவில்லை.

அதன்பின் அப்பா குளியலறையில் விழுந்து மண்டை உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ரத்தத்தைச் சோதித்த டாக்டர், இந்தத் தூக்க மருந்தை இவருக்கு யார் எழுதினார்கள் என்று கேட்டார். யாரும் எழுதவில்லை. குட்டு உடைந்தது. மருந்தை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். ஒரு காலையில் அப்பா முழுசாகக் கண் விழித்தார். காப்பியில் சர்க்கரை இல்லை என்று நர்ஸைக் கடிந்துகொண்டார். பிறகு சின்னவளைப் பார்த்து, உங்கம்மா எங்கே என்றார்.

அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள், கால் வலி, அங்கே வைத்தியம் பார்க்கிறார்கள் என்று வாயில் வந்ததைச் சொன்னாள். மண்டையில் தையலோடு படுத்திருக்கும் மனிதரிடம் வேறென்ன சொல்வது? இரண்டு நாள் பொய் என்றுதான் நினைத்தாள். பொய்க்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு வளர்ந்தது.

அவரை வேறு இல்லத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. நல்ல இடங்களில் காசு எட்டவில்லை, எட்டுகிற இடங்களில் கட்டில் இல்லை. கடைசியில் அதே இல்லம், அதே அறை. கதவில் கிளியை மட்டும் கிழித்துவிட்டு, அப்பாவின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். சூடு கண்ட பூனைகள்.

நஷ்டஈடு கேட்கலாம், அதில் அவரை வேறிடத்துக்கு மாற்றலாம் என்று வழி சொன்னது கடைக்குக் கறுப்புக் கோட்டு வெளுக்கப் போட வந்த வக்கீலம்மா. எதையும் பூசி மெழுகாமல் பேசுகிறவள். மருந்து மாறியதை அவர்களால் மறுக்க முடியாது என்றாள். மண்டைக் காயத்துக்குக் கொஞ்சம் கிடைக்கும், அது வேறிடத்துக்குப் போதாது. வழக்கு அப்பாவுடையது. இப்போது அவர் புத்தி தெளிவாக இருப்பதால் அவரேதான் பேசவும் வேண்டும், கையெழுத்துப் போடவும் வேண்டும்.

"பெரிய இழப்பு எதுன்னு உங்களுக்கே தெரியும். மனைவி சாவுல அவர் இருந்தும் இல்ல. அவருக்கே தெரியாத இழப்புக்கு நான் எப்படிம்மா ஈடு கேக்கிறது?"

தனக்கு ஏதாவது உண்டா என்று சின்னவள் கேட்டாள். பேராசையில் கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான். இல்லை என்றாள் வக்கீலம்மா. மாத்திரை விழுங்கியது அவர். பக்கத்தில் நின்றவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. கேட்பதற்கான கெடுவும் நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்தச் சேதி எப்படியோ பொறுப்பாளர் காதுக்கு எட்டிவிட்டது. சின்னவளைத் தன் அறைக்கு அழைத்து உட்கார வைத்தார். அப்பா இப்போது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். இந்த வயதில் அவர் மனசை எதற்கு உடைக்க வேண்டும், இல்லத்தில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள், அதற்குத் தான் பொறுப்பு என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். சின்னவள் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தாள். படி இறங்கும்போதுதான் உறைத்தது: பொய் தன்னுடையது, அதன் லாபம் அவர்களுடையது. அப்பா அறியாத வரைக்கும் அவர்கள் பாடு கொண்டாட்டம். கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. கடைக்குப் போய் மிச்ச வேலையைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனாள். மேசை மேல் இருந்த அம்மாவின் படம் கவிழ்ந்து கிடந்தது. விழுந்துவிட்டதாக்கும் என்று நிமிர்த்தப் போனவளை அப்பா தடுத்தார்.

"அது அப்படியே கிடக்கட்டும். மண்டை உடைஞ்சு கிடந்தேன், வந்து பாக்கல. ஒரு போனாவது போட்டாளா? பிள்ளை வீட்டு சொகம் கண்டுட்டா. ஐம்பது வருஷம் கூட இருந்தவளுக்கு நான் வேண்டாதவனாயிட்டேன். இனிமே அவ பேச்சை எங்கிட்ட எடுக்காத."

அம்மா போன் செய்யும்போதெல்லாம் அவர் தூங்குவதாகச் சின்னவள் ஏற்கனவே கதை கட்டியிருந்தாள். அவர் சின்னப் பிள்ளையா, காதில் பூச் சுற்ற? அன்றைக்கு முழுவதும் அவர் அம்மாவின் பழைய குற்றங்களையெல்லாம் தோண்டித் தோண்டி எடுத்தார். எந்தக் காலத்திலோ தன் தங்கையை மதிக்காமல் பேசியது, தன்னைக் கேட்காமல் கட்டிலை விற்றது. எல்லாமே பொய்யில்லை. ஆனால் அம்மா உயிரோடு இருந்தபோது அவர் வாயில் ஒன்றுகூட வந்ததில்லை. மாத்திரை ஒரு வருஷத்தைத்தான் கொண்டுபோனது. இவள் பொய், அதற்கு முன்னால் இருந்த ஐம்பதையும் தின்றுகொண்டிருந்தது. பணம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், இனி இது ஆகாது என்று சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வக்கீலம்மாவையும் அழைத்துக்கொண்டு போனாள். தனியாகச் சொல்லத் துணிவில்லை, அதுதான் உண்மை. வழியெல்லாம் வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்பா சோபாவில் உட்கார்ந்திருந்தார். வக்கீலம்மாவைப் பார்த்ததும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

மாத்திரை விஷயம் அவருக்கு முன்பே தெரியும். அதற்கு நஷ்டஈடு கேட்கத்தான் இவர் வந்திருக்கிறார் என்று அறிமுகம் செய்தாள். பிறகு நின்றபடியே சொன்னாள்.

"அப்பா, அம்மா அண்ணன் வீட்டுக்குப் போகல. இறந்துட்டாங்கப்பா. நீங்க அந்த மாத்திரையில இருந்தப்போ."

அப்பா அவளைப் பார்க்கவில்லை, வக்கீலம்மாவைப் பார்த்தார். மூன்றாம் மனுஷி, அவளாவது இல்லையென்று சொல்வாள் என்று நினைத்தாரோ என்னவோ. வக்கீலம்மா தலை குனிந்துகொண்டாள். வெளியே சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"நான் எங்க இருந்தேன்?"

"அங்கதான்ப்பா. முன்வரிசையில."

"அழுதேனா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழகின வாய்தானே, இன்னொன்று சொன்னால் தேய்ந்தா போய்விடும்? அவரும் நம்பியிருப்பார். அழாமல் இருக்க அவருக்கு வராது என்று அவருக்கே தெரியும்.

"இல்லப்பா. தூங்கிட்டிருந்தீங்க."

அப்பா முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு வக்கீலம்மா பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கோங்கம்மா. பொண்டாட்டி செத்தப்போ முன்னால உக்காந்து தூங்கினேன்னு எழுதிக்கோங்க. செத்தவள இத்தனை நாள் திட்டிட்டிருந்தேனே, அதையும் எழுதுங்க. அதுக்கும் சேத்துக் கேக்கலாமில்ல?"

வக்கீலம்மா சின்னவளை ஒரு தரம் பார்த்தாள். பூசி மெழுகத் தெரியாத வாய். முதலில் சொன்னதைக் கேட்கலாம் ஐயா, இரண்டாவதை இல்லத்தாரிடம் கேட்க முடியாது என்றாள்.

அது யாரிடம் கேட்க வேண்டியது என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது. சின்னவள் காத்துக்கொண்டு நின்றாள். திட்டட்டும், அடிக்கட்டும், வெளியே போ என்று சொல்லட்டும். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. அப்பா கவிழ்ந்து கிடந்த படத்தைக் கை நீட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீயாவது அழுதியா?"

"நேரம் கிடைக்கலப்பா."

அவருக்கு உடைந்தது. உள்ளுக்குள் விம்முகிற ரகமெல்லாம் அவரிடம் கிடையாது. பழையபடி வாய்விட்டு, தோள் குலுங்க, மூக்கு ஒழுக அழுதார். மாத்திரை வண்டி தள்ளுகிறவள் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். வக்கீலம்மா பேனாவை மூடினாள். அழுதுகொண்டே அப்பா சோபாவில் நகர்ந்து இடம் விட்டு, சின்னவளின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"இப்ப நேரம் இருக்கில்ல. அழு."

சின்னவள் உட்கார்ந்தாள். அம்மாவை நினைத்தாள். கடைத்தெருவில் அவள் உட்கார்ந்துவிட்ட இடத்தை நினைத்தாள், அந்த நாற்காலி வரிசையை நினைத்தாள். கண் காய்ந்தே இருந்தது.

"வரலயா?" என்றார் அப்பா.

"வரலப்பா."

அவர் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"சரி இரு. உனக்கும் சேத்து நானே அழுதுடுறேன்."