ஒரு கைவீச்சு யூரியா

பாபநாசம் சாலையோர டீக்கடையில் பால் கொதிக்கிறதோ இல்லையோ, விடிந்ததும் அடுத்தவர் வயலைப் பற்றிய பேச்சு கொதித்துவிடும். அன்றைக்கு அதில் மாட்டிக்கொண்டவர் முருகையன்.

"என்ன மச்சான், உன் வயலு கருகருன்னு நிக்குது. பக்கத்துல தங்கச்சி வயலு மட்டும் சோகை புடிச்சாப்ல வெளுத்துக் கெடக்கு! பொண்டாட்டிக்கு ஒரு மூட்ட யூரியா வாங்கித் தர மனசு வரலியா?" என்றார் கடைக்கார நாகநாதன். பெஞ்சே சிரித்தது.

முருகையனுக்கு டீ இறங்கவில்லை. அவர் மனைவி அம்சம், ஹபீபுன்னிசா அம்மாவின் நிலத்தை முதன்முதலாகத் தன் பேரிலேயே குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருந்தாள். இந்தப் போகம் எப்படி வருகிறது என்று பார்த்துத்தான் அடுத்த வருஷம் கொடுப்பேன் என்று அந்த அம்மா கறாராகச் சொல்லியிருந்தார். அந்த நிலத்தின் மேல் அம்சத்துக்கு அவ்வளவு ஆசை.

முருகையன் நேரே வயலுக்குப் போனார். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்ற அம்சம், தன் நிழலில் ஒரு நெல் இலையைப் பிடித்து, வேளாண்மைப் பயிற்சியில் கொடுத்த வண்ண அட்டையோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையில் வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள் இருந்தன.

"என்ன, புடவைக்கு ரவிக்கத்துணி பாக்கறியா?"

"சிரிங்க, சிரிங்க. இலை இந்தப் பட்டைய விட வெளுத்தாத்தான் யூரியா போடணும். இப்ப சரியா இருக்கு. உங்களுக்கே பசிக்குதான்னு கேட்டுட்டுத்தானே சோறு போடறேன்?"

"ஊரே சிரிக்குது, அம்சம்."

"ஊரா வந்து அறுக்கப் போவுது?"

பதில் என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் டீக்கடைச் சிரிப்பு அவர் காதைவிட்டுப் போகவில்லை. மறுநாள் அம்சம் பாபநாசம் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு கூடை யூரியாவோடு சாலையோர வரப்பில் ஏறினார். உள்ளே இறங்கினால் கால்தடம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வரப்பில் நடந்தபடியே கை போகிற மட்டும் வீசினார். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணுக்கு ஓரம் பச்சையாகத் தெரிந்தால் போதாதா? பெண்டாட்டிக்குத் தெரியாமல் நகை வாங்கி வைத்தவரைப் போல மனசு குளிர்ந்து வீடு திரும்பினார்.

சில நாளில் ஓரம் கரும்பச்சையானது, நாகநாதன் வாயும் அடைத்தது. அம்சம் மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

கதிர் முற்றிவரும் நேரத்தில் மார்கழி மழை பிடித்துக்கொண்டது, காற்றும் கூடவே வந்தது. மழை விட்டதும் முருகையன் ஓடினார். அளவில்லாமல் யூரியா தின்று நெடுநெடுவென்று வளர்ந்த அவர் பயிரில் பாதி பாய் விரித்தாற்போலச் சாய்ந்து கிடந்தது. அம்சத்தின் பயிர் நிமிர்ந்து நின்றது, சாலையோரம் ஒரு பட்டையைத் தவிர.

ஹபீபுன்னிசா அம்மாவும் வந்துவிட்டார். "எல்லாம் நல்லா நிக்குது. இந்த ஓரம் மட்டும் சீப்பால வாரிவிட்டாப்ல படுத்துக் கெடக்கே, ஏன் அம்சம்?"

அம்சம் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்துக் கணவர் கையில் வைத்தாள். "வரப்புல நின்னு வீசுங்க, பாப்போம்."

அவர் வீசினார். படுத்த பயிர் எங்கே முடிந்ததோ, மண் அங்கேதான் போய் விழுந்தது.

"உங்க கைவீச்சு எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்சம். கோபப்படத்தான் நினைத்தாள், திருதிருவென்று விழித்த அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது.

ஹபீபுன்னிசா அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடுத்த வருஷமும் நீதான் நடணும், அம்சம். ஆனா இவர மட்டும் வரப்புல ஏத்தாத!"

மறுநாள் டீக்கடையில் யாரும் கேட்பதற்கு முன்னே முருகையனே ஆரம்பித்தார். "பாத்தியா நாகநாதா, நான் பயிருக்கா போட்டேன்? ரோட்டுல போறவன் கண்ணுக்குப் போட்டேன். பக்கத்து வயலப் பாத்துப் போடறது உரமில்லப்பா, வீம்பு. பயிரு கேட்டாத்தான் போடணும். அளவு மிஞ்சினா மண்ணு கெடும், தண்ணி கெடும், கடைசியில பயிரும் நிக்காது."

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. நாகநாதன் மெல்லத் தலையைச் சொறிந்தார். "மச்சான், தங்கச்சிகிட்ட சொல்லி அந்த அட்டய எனக்கும் வாங்கித் தாயேன்."

"எதுக்கு, ரவிக்கத்துணி பாக்கவா?" என்று கேட்டுவிட்டு, முருகையன் நிம்மதியாக இன்னொரு டீ சொன்னார்.