பல் டாக்டரின் டப்பா

"முதுகு கதவைப் பாக்கணும் பாப்பா. கதவுக்கு நேரா உக்காந்தா எவனுக்குப் பயம் வரும்?"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா பலமுறை நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டார். அவள் கடைசி நாற்காலியையும் திருப்பிப் போட்டாள். கட்டில், உள்ளே நுழைந்ததும் இடப்பக்கச் சுவரை ஒட்டிக் கிடந்தது. அதில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த அப்பா வாசலைப் பார்த்தார். கட்டிலின் கால்மாட்டில் மூன்று நாற்காலிகள் அப்பாவைப் பார்த்தன. கதவை முழுக்கச் சாத்தாமல் ஒரு கை நுழையும் அளவு திறந்து வைக்கச் சொன்னார். வைத்தாள்.

பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மருந்துக் கடையில் வேலை. வாங்க வருகிறவர் நீட்டும் சீட்டைப் பார்த்தே, வீட்டில் படுத்திருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்பாவின் சீட்டும் அவள் கைக்குத்தான் வந்தது.

அண்ணன் சமையலறையிலிருந்து கண்ணைக் காட்டினான். போனாள்.

"உனக்கும் புத்தி கெட்டுப்போச்சா? இந்த நெலமையில இருக்கிறவருக்குப் பேய்க்கதையா? நாலு நல்ல வார்த்தை காதுல விழட்டும்னு நெனைப்பாங்களா..."

"அவங்க மூணு பேரையும் அவர்தான் வரச் சொன்னாரு."

"அவரு நிலாவைக் கேட்டாலும் பறிச்சுக் குடுப்பே."

"மெல்லப் பேசு. சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் அவரு காது."

அண்ணன் குரலைத் தாழ்த்தவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டான். அந்தச் சுவர் அப்படி. சமையலறையில் கரண்டி விழுந்தால் கட்டிலில் கேட்கும். அப்பாவுக்குக் கூப்பிடக் குரல் எழாமல் போனதிலிருந்து, தலையணைக்கடியில் ஒரு சின்ன ஸ்பேனர் வைத்திருந்தார். ஏதாவது வேண்டுமென்றால் சுவரில் ஒரு தட்டு. "வர்றேன்பா" என்று இவள் இங்கிருந்து குரல் கொடுப்பாள்.

அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதன் பக்கத்தில் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. கட்டிலின் மறுபக்கம் நின்ற ஆக்சிஜன் மெஷினையும் வந்த நாளே காதால் பிரித்து மேய்ந்துவிட்டார். உள்ளே இரண்டு குழாய்கள். இரண்டிலும் குருணை போல ஏதோ நிரப்பியிருக்கிறது. அறைக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால் வேண்டாத வாயுவை அது பிடித்துவைத்துக்கொண்டு, வேண்டியதை மட்டும் மூக்குக்கு அனுப்பும். ஒன்று வேலை செய்யும்போது மற்றது பிடித்ததை வெளியே துப்பும். அதனால்தான் சீரான இடைவெளியில் ஒரு 'புஸ்'. "நம்மளை மாதிரியே அதுவும் மூச்சு விடுது, பாத்தியா" என்று சந்தோஷப்பட்டார்.

மெஷினின் முகத்தில் ஒரு கண்ணாடிக் குழல் உண்டு. எவ்வளவு காற்று போகிறதோ அந்த உயரத்தில் ஒரு குண்டு மிதக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே குண்டு உச்சியைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. அவள் மெஷினைத் திருப்பி, அதன் முகம் ஜன்னலைப் பார்க்கும்படி வைத்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் தாழ்வாரத்தில் அண்ணனிடமும் அவளிடமும் சொன்னது ஒன்று, அப்பாவிடம் சொன்னது, "சளிதான், அடுத்த மாசம் எழுந்து நடப்பீங்க." அண்ணனும் அவளும் இரண்டாவதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்பாவும் ஒவ்வொரு முறையும் தலையாட்டினார்.

சாயங்காலம் மூவரும் வந்தார்கள். பேருந்து ஓட்டுகிற டிரைவர். தையல் கடை வைத்திருப்பவர், எல்லோருக்கும் பொத்தானம்மா. பிறகு பல் டாக்டர். வெயிலோ மழையோ, மாதம் ஒரு புத்தகம் என்று பல வருடங்களாகத் திகில் நாவல்களை மட்டுமே சேர்ந்து படிக்கிற கூட்டம். எந்த நாவல் என்று தேர்ந்தெடுக்கும் முறை அப்பா கண்டுபிடித்தது. புத்தகம் கொண்டுவந்தவர் முதல் அத்தியாயத்தை உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர்கள் பாதி திறந்த கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்க வேண்டும். அப்பா எதிரே இருந்து கழுத்துகளைக் கவனிப்பார். யாராவது திரும்பிப் பார்த்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் சரி, அந்தப் புத்தகத்தின் டப்பாவில் ஒரு பொத்தான். அதிகப் பொத்தான் சேர்ந்த புத்தகம் அந்த மாதத்துக்கு. எல்லாப் புத்தகமும் படித்து முடியாமல் டப்பாவை எண்ணக்கூடாது. முடிவை யாரும் யாருக்கும் சொல்லவே கூடாது.

"நல்லா இருக்கான்னு கேட்டா பொய் சொல்வாங்க. பயந்தியான்னு கேட்டா இன்னும் பெரிய பொய் சொல்வாங்க. கழுத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார்.

பல் டாக்டரின் டப்பாவில் இதுவரை ஒரு பொத்தானும் விழுந்ததில்லை. அவர் கொண்டுவரும் புத்தகங்களில் ரத்தம் குடம் குடமாக ஊற்றும். கேட்கிறவர்கள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"டாக்டர், இன்னைக்கு எத்தனை பொணம்?" என்றார் டிரைவர்.

"கிண்டல் பண்ணாதீங்க. இதுல கல்லறையே நடந்து வருது."

"எங்க வண்டியில ஏறாம இருந்தா சரி."

அப்பா சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. பொத்தானம்மா அவர் முதுகை நீவிவிட்டார். "அண்ணே, இன்னொரு நாள் வெச்சுக்கலாமே."

"இன்னைக்கே படிம்மா" என்றார் அப்பா.

அவர் கையால் பொத்தானை எடுக்க முடியாது. அதனால் பாப்பா டப்பாக்களோடு பக்கத்தில் நின்றாள். அப்பா ஆள்காட்டி விரலை லேசாகத் தூக்கினால் அவள் ஒரு பொத்தானைப் போட வேண்டும்.

இந்த முறை புத்தகம் கொண்டுவந்தது பொத்தானம்மாவும் பல் டாக்டரும்தான். முதலில் பொத்தானம்மா படித்தார். தனியாக வாழும் ஒரு பெண் புது வீட்டுக்குக் குடிவருகிறாள். யார் அழைப்புமணி அடித்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டு, ஆளில்லாத வீடு போல அசையாமல் நிற்கிற பழக்கம் அவளுக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய குடும்பம். சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தம், பேச்சு, சிரிப்பு. ஒவ்வொரு நாளும் அதில் ஒரு குரல் குறைகிறது. மிச்சமிருப்பவர்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. நேற்று போலவே சிரிக்கிறார்கள்.

டிரைவரின் கழுத்து திரும்பியது. அப்பாவின் விரல் எழுந்தது. சற்று நேரத்தில் பல் டாக்டரும் திரும்பினார். பொத்தான்கள் விழ விழ அப்பாவின் முகத்தில் பழைய களை வந்தது.

"பாத்தீங்களா," என்றார் அத்தியாயம் முடிந்ததும். "ஃப்ரிட்ஜ் குளிரைத் தயார் பண்றதில்ல. உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய தள்ளுது. அவ்வளவுதான். கதையும் அப்படித்தான். பயத்தை உள்ள கொண்டாந்து வைக்க முடியாது. இருக்கிற தெம்பைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். இதை எழுதினவன் தினம் ஒரு குரலா எடுக்கிறான்."

மூச்சு வாங்கினார். மெஷின் அவருக்கும் சேர்த்து இரண்டு முறை 'புஸ்' என்றது.

"முடிவு என்னம்மா?"

பொத்தானம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். டிரைவர் தன் கால்விரலைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அப்பா முடிவைக் கேட்டதே இல்லை. முன்பு ஒருமுறை வாய் தவறி முடிவைச் சொல்லிவிட்ட டிரைவரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர் அவர்.

"அது... அடுத்த மாசம் படிச்சுத் தெரிஞ்சுக்குங்க அண்ணே."

"சரி."

"நீங்கதானே சட்டம் போட்டீங்க" என்று சிரிக்கப் பார்த்தார் டிரைவர்.

"சரிப்பா."

பல் டாக்டர் தன் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். "என்னோடது இன்னொரு நாள் படிக்கலாம். நீங்க ரெஸ்ட் எடுங்க." போகும்போது பொத்தானம்மா பாப்பாவின் கையில் நாவலைத் திணித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சமையலறையில் அடுப்பின் பக்கத்தில் நின்றபடியே அவள் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். அவளுக்குப் பேய்க்கதை ஆகாது. அப்பா எத்தனை சொல்லியும் ஒரு பக்கம் தொட்டதில்லை. இப்போது படித்து முடித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து, சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவிடம் போனாள்.

"முடிவைப் படிச்சேன்பா."

"நீயா?"

"சொல்லட்டுமா, வேணாமா?"

"சொல்லு, சொல்லு."

"கடைசில ஒரே ஒரு குரல்தான் மிச்சம். அது சுவத்தைத் தட்டி, 'அந்தப் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா'ன்னு கேக்குது." அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "'இருக்கேன், பயப்படாதே'ன்னு இவ சொல்றா. ரெண்டு பேரும் சுவத்துல கைய வெச்சுக்கிட்டு விடியற வரைக்கும் பேசிட்டிருக்காங்க."

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். பழுதான கம்ப்ரஸரின் மேல் காதை வைத்துக் கேட்கும்போது அப்படித்தான் சாய்ப்பார்.

"இது முடிவு இல்ல பாப்பா."

"இதாம்பா."

"மொத அத்தியாயத்துலயே பெல் அடிச்சா மூச்சை அடக்கிட்டு நிப்பான்னு சொன்னானா இல்லையா? எதுக்குச் சொன்னான்? வேலை இல்லாத எடத்துல எவனாச்சும் ஸ்க்ரூ மாட்டுவானா?" கொஞ்சம் இளைப்பாறினார். "மருந்துக் கடையில இருக்கிறவ. மாத்தி மருந்து குடுக்கலாமா?"

அவள் தரையைப் பார்த்தாள். மெஷின் மூச்சு விட்டது.

"அவ பதில் சொல்லலப்பா. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிறா. அந்தக் குரல் திரும்பவும் கேக்குது. திரும்பவும் தட்டுது. அப்புறம் தட்டல."

"ஆங்." அப்பாவின் தோள்கள் தளர்ந்து தலையணையில் இறங்கின. "இதான். எழுதினவனுக்கு வேலை தெரிஞ்சிருக்கு."

சற்றுக் கழித்து, "அவ கெட்டவ இல்ல. பயந்துட்டா. என்ன சொல்றதுன்னு தெரியல, பாவம்" என்றார்.

அவள் எழுந்து போய், மெஷினைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். சக்கரங்கள் கிறீச்சிட்டன. கண்ணாடிக் குழல் அப்பாவைப் பார்த்தது. குண்டு உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஃபுல்லா?"

"ஃபுல்லு."

"எப்பலேர்ந்து?"

"வீட்டுக்கு வந்த அன்னைலேர்ந்து."

"அதான் சத்தம் அப்படி இருந்துச்சு." குண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அண்ணனைத் திட்டாத. அவனுக்கு நெஞ்சு கெட்டி கெடையாது." பிறகு, "தொண்டை காயுது. வெந்நி போட்டுக் கொண்டா" என்றார்.

அவள் அடுப்பைப் பற்றவைத்துப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். அடியில் சின்னக் குமிழ்கள் எழத் தொடங்கியபோது சுவரில் ஒரு தட்டு கேட்டது.

"வர்றேன்பா."

தண்ணீரை டம்ளரில் ஊற்றினாள். ஆற்ற இன்னொரு டம்ளரை எடுத்தவள் நின்றாள். சுவரில் கையை வைத்து, தேவைக்கு மேல் உரக்க, "இங்கதான் இருக்கேன்பா. இதோ வர்றேன்" என்றாள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அண்ணனுக்கே கேட்டது.

போனபோது ஸ்பேனர் தரையில் கிடந்தது. அப்பாவின் வலது உள்ளங்கை சுவரில் சாய்ந்திருந்தது. மெஷின் குழாய் வழியே காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. மூக்கு அதை வாங்கவில்லை. அவள் டம்ளரை ஸ்டூலில் வைத்தாள். அண்ணன் ஓடி வந்து, "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டு, கன்னத்தைத் தட்டி, கடைசியில் மெஷினை அணைக்கும் இடம் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தான். அவள்தான் அணைத்தாள். குண்டு வழுக்கிக் கீழே வந்து உட்கார்ந்தது.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போன பிறகு அந்த மூவரும் வந்தார்கள். எத்தனையோ பேர் புழங்கியும் நாற்காலிகள் மூன்றும் போட்ட இடத்திலேயே இருந்தன. யாரும் உட்காரவில்லை.

"கையில என்ன டாக்டர்?" என்றார் டிரைவர்.

"ஒண்ணுமில்ல. பழக்கத்துல எடுத்துட்டு வந்துட்டேன்." பல் டாக்டர் பையைப் பின்னால் மறைத்தார்.

"உங்களுது பாக்கி இருக்கே," என்றாள் அவள். "அதைப் படிக்காம டப்பாவை எண்ணக்கூடாதுல்ல."

மூவரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். "படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனான்.

கட்டிலில் யாரும் உட்காரவில்லை. பொத்தானம்மா அதன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்து, டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய நாற்காலி அவளுக்கு வந்தது. டிரைவர் போய்க் கதவை ஒரு கை நுழையும் அளவு திறந்து வைத்துவிட்டு வந்தார்.

பல் டாக்டர் படித்தார். கல்லறை பிளந்தது. கை வந்தது, தலை வந்தது, தலையில்லாத உடம்பு வந்தது. ரத்தம் படிக்கட்டில் இறங்கித் தெருவுக்குப் போயிற்று. டிரைவர் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டரே ஒரு பக்கத்தைச் சுருக்கி, கூச்சத்தோடு தாண்டிப் போனார்.

சமையலறையில் கழுவிய டம்ளர்களை அண்ணன் அடுக்கினான். ஒன்று சுவரில் பட்டது. ஒரே ஒரு தட்டு.

அவள் வாய் திறந்துவிட்டது. சொல் உதடு வரை வந்து நின்றது. கழுத்து அதற்கு முன்பே திரும்பிவிட்டிருந்தது.

பொத்தானம்மாவின் மடியில், இத்தனை வருடமும் காலியாக இருந்த டப்பாவில், ஒரு பொத்தான் விழும் சத்தம் கேட்டது.

பல் டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. விட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டு, அடுத்ததைப் படித்தார்.