இடது அறுபத்திரண்டு, வலது அறுபத்தொன்று

ஆல்பத்தின் ஏழாம் பக்கத்தில் இரண்டு உறைகள் இருந்தன. ஒன்றில் நோட்டு இருந்தது. மற்றது முப்பத்தெட்டு வருடமாகக் காலி. அந்த ஆல்பத்தைத் துணிப்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார் புரூஃப்.

அச்சகத்தில் பிழை திருத்தியவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். பகலெல்லாம் பிழையைத் தேடித் தேடி அடித்துப்போடுகிறவர், வீட்டில் பிழைகளைப் பத்திரப்படுத்தினார். எல்லாம் எண் தவறி அச்சான ரூபாய் நோட்டுகள். ஒன்றில் இலக்கம் பாதி ஏறி நிற்கும். இன்னொன்றில் எண்ணே விழுந்திருக்காது. "ஊர்ல எல்லாரும் நல்ல நோட்டாப் பாத்து வாங்குறாங்க, இவருக்கு மட்டும் கோணலா இருக்கணும்," என்பாள் மனைவி. "அதான் என்னையும் கட்டிக்கிட்டாரு."

ஏழாம் பக்கத்து நோட்டு ஒரு சம்பள நாளில் வந்தது. வரிசையில் ஊசி முன்னால், இவர் பின்னால். ஊசி, பைண்டிங்கில் புத்தகம் தைக்கிறவன். ஆளும் அந்த அகலம்தான். கேஷியர் புதுக் கட்டைப் பிரித்தார். ஊசிக்குக் கிடைத்த கடைசி நோட்டின் எண் அறுபத்தொன்றில் முடிந்தது. இவருக்குக் கிடைத்த முதல் நோட்டு அறுபத்திரண்டு. அதுவும் இடது பக்கத்தில் மட்டும். வலது பக்கத்தில் எண் நகராமல் அறுபத்தொன்றிலேயே நின்றிருந்தது.

டீக்கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். "உன்னோடது ரெண்டு பக்கமும் சரியா இருக்கு. அதுல ஒண்ணுமில்ல, செலவு பண்ணிடு," என்றார் புரூஃப்.

ஊசிக்குச் சுருக்கென்றது. "அதெப்படிண்ணே? உங்க நோட்டு யாரு நம்பரத் திருடுச்சுன்னு சொல்ல என் நோட்டுதானே சாட்சி? இது இல்லேன்னா உங்களோடது வெறும் தப்பு."

அவன் சொன்னது சரி என்று புரிய இவருக்குச் சில வருடம் ஆனது. அதற்குள் ஊசிக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. போகும்போது தன் கையால் தைத்த ஆல்பம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். ஏழாம் பக்கத்தில் மட்டும் இரண்டு உறை வைத்திருந்தான். நோட்டை மட்டும் கொடுக்கவில்லை. "அவசரப்படாதீங்க, வரும்," என்றான்.

வரவில்லை. மனைவி இறந்தபோது ஊசியும் வரவில்லை. ஒரு வரி கடிதம்கூட இல்லை. பத்தொன்பது வருடம் இவரும் எழுதவில்லை. அடுத்த மாதம் சேகரிப்பாளர்கள் கண்காட்சி. இவருக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி ஒதுக்கியிருந்தார்கள். ஊசி வீட்டுக்கு நோட்டுக்காகத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தது ஊசியின் மகள். "அப்பா, யாரோ வந்திருக்காங்க."

"யாரோ இல்லம்மா, உன் பெரியப்பா. செருப்பு ரெண்டையும் நேரா வச்சுட்டு உள்ள வர்ற ஆளு வேற யாரு?"

ஊசி இன்னும் மெலிந்திருந்தான். எழுந்து வந்து இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். டீ வந்தது. புரூஃப் ஆல்பத்தை எடுத்து ஏழாம் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"அந்த நோட்டு எங்கடா?"

ஊசி காலி உறையைப் பார்த்தான். "செலவு பண்ணிட்டேண்ணே."

புரூஃப் ஆல்பத்தை மூடப் போனார். "எப்ப?"

"அண்ணி போன அன்னிக்கு."

மாசக் கடைசி. சேதி வந்தபோது வீட்டில் வேறு நோட்டு இல்லை. அதைக் கொடுத்துத்தான் பஸ் ஏறினான். வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வீடு பூட்டிக் கிடந்தது.

"உங்கள உங்க தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு பக்கத்துல சொன்னாங்க. அது எங்கன்னு அவங்களுக்கும் தெரியல. மாடிப்படில உக்காந்திருந்தேன். அப்புறம் மிச்சச் சில்லறைல திரும்பி வந்துட்டேன்."

"ஒரு வரி எழுதக் கூடாதா?"

"என்னன்னு எழுதுவேன்? வந்தேன்னு எழுதினா, எப்படி வந்தேன்னும் எழுதணும். அந்த நோட்ட எவன் கையிலயோ குடுத்துட்டேன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நாள் போகப் போக, நோட்ட விட நான் எழுதாதது பெரிய தப்பாயிடுச்சு."

புரூஃப் டீயை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். தங்கை வீட்டில் அன்று மாலை வாசலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தலை தூக்கிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அதே நேரத்தில் இவன் அந்தப் படியில் உட்கார்ந்திருந்திருக்கிறான். செலவு பண்ணிடு என்று முதலில் சொன்னதும் இவர்தான்.

"கண்காட்சிக்கு இந்தப் பக்கத்த வைக்காதீங்கண்ணே. பாதி காலியா இருந்தா சிரிப்பாங்க."

"இதத்தான் வைக்கப் போறேன். நீயும் வா. கேக்குறவங்களுக்கு நீ பக்கத்துல நின்னு சொல்லு."

"என்னையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பீங்களா?"

"உன் உடம்புக்கு இடம் மிச்சம்தான் இருக்கும்."

உள்ளே மகள் சிரித்த சத்தம் கேட்டது. ஊசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலி உறையின் ஓரத்தில் பிரிந்திருந்த தையலை விரலால் தடவிப் பார்த்தான். மகளை நூல் எடுத்து வரச் சொன்னான். புரூஃப் திரும்பிப் போகும் பஸ் எப்போது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.