எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த குழிகள்

டிலக்சி கோப்பி எடுக்கப் போனால் போதும், பத்மநாதன் எழும்பிவிடுவார். அவளுடைய மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று, அவள் விரித்து வைத்திருக்கும் படங்களை எட்டிப் பார்ப்பார்.

கட்டடம் கட்டுமுன் நிலத்தில் வெடிக்காத குண்டு கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஒஸ்லோ நிறுவனம் ஒன்றில் இருவருக்கும் வேலை. இரண்டாம் உலகப்போரில் வேவு விமானங்கள் எடுத்த படங்களே அவர்களுக்கு ஆதாரம். முதலில் ஒரு விமானம் வந்து இலக்கைப் படமெடுக்கும்; பிறகு குண்டு விழும்; எங்கே விழுந்தது என்று பார்க்க மறுபடி ஒரு விமானம் வரும். பத்மநாதன் இதைப் படித்து அறியவில்லை. யாழ்ப்பாணத்தில் வேவு விமானம் சுற்றிப்போன கையோடு பங்கருக்குள் பாய்ந்த மனுசன். டிலக்சி இங்கே ஒஸ்லோவில், ஹவுகெட்டோவில் பிறந்தவள். விமானம் என்றால் அவளுக்கு விடுமுறை. அவளையா வடக்கே ஹம்மர்பெஸ்ட் நகரில் குண்டு தேடும் வேலைக்குத் தலைமையாக அனுப்பப் போகிறார்கள்? அவருக்கு வயிறு எரிந்தது.

பாலர் பாடசாலை கட்டப்போகும் ஒரு வயலில் ஆறு குண்டுக்குழிகள் என்று அவள் குறித்திருந்தாள். எட்டிப் பார்த்த பத்மநாதனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. இதுகளா குழி? அப்பட்டமான வைக்கோல் குவியல்கள்!

அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேலாளர் கரோலினா வரும்வரை காத்திருந்து, டிலக்சி இருக்கும்போதே அதே எதிர்ப்பக்கத்தில் அவரையும் நிறுத்தி, விரலை நீட்டினார்.

“குவியல்கள்தான். அப்படியென்றால் தோண்டச் சொல்லலாம்,” என்ற கரோலினா கைபேசியிலேயே வேலையாட்களுக்குச் சொல்லியும் விட்டார்.

டிலக்சியின் முகம் சிவந்தது. படத்தையும் அவர்கள் நின்ற இடத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு படத்தை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

ஆறு குவியல்களும் உள்ளே இறங்கிக் குழிகளாயின.

“நிழல் எங்கடை பக்கம் விழுற மாதிரி வைச்சுத்தானே பாக்கவேணும், அங்கிள்? தலைகீழாப் பாத்தால் குழியெல்லாம் மேடாத்தான் தெரியும்.”

வேலைக்குச் சேரும் எவருக்கும் முதல் நாளே சொல்லித் தரும் பாடம் அது. கரோலினா தோண்டலை நிறுத்தச் சொல்ல ஓடினார்.

“நீங்கள் இதை எப்ப பாத்தனீங்கள்?” என்று கேட்டாள் டிலக்சி.

பத்மநாதன் தன் கதிரைக்குப் போய் உட்கார்ந்தார்.

“சரி, விடுங்கோ. ஹம்மர்பெஸ்டுக்கு நீங்களும் வாங்கோ. குண்டு விழுந்ததைக் கண்ணாலை கண்ட ஆள் இஞ்சை வேறை ஆர் இருக்கினம்?”

மனதாரத்தான் கேட்டாள். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இது அதைவிட எரிந்தது.

“ஓம், பிள்ளை,” என்றார்.

டிலக்சி கோப்பி எடுக்கப் போனாள். பத்மநாதன் கதிரையை விட்டு எழும்பவில்லை.