நாலணாக் கஞ்சியும் ஓர் ஊதலும்

ஓர் ஆத்துமாவின் விலை ஐம்பதாயிரம் ரூபாய். பெண், சிறுபிள்ளை, தாழ்த்தப்பட்டவர் என்றால் ஒரு லட்சம். அதற்கு மேல் ஜெயில் வேறு: சாதா உருப்படிக்கு மூன்று வருடம் வரை, லட்ச ரூபாய் உருப்படிக்கு நாலு வருடம் வரை. 2002 அக்டோபர் கடைசியில் கோட்டையில் மதமாற்றத் தடைச் சட்டம் நிறைவேறி, இந்த விலை பேப்பரில் வந்தபோது, கும்மிடிப்பூண்டி பஜாரில் என் மளிகைக் கடையில் உட்கார்ந்து, பேரத்துக்கு இடமிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. நாங்கள் பழவேற்காட்டில் கருவாடு விற்ற குடும்பம். பேரத்துக்கு இடம் கொடுக்காத கடையைக் கண்டால் பயப்படச் சொல்லித்தான் வளர்த்தார்கள். பயந்தேன்.

கட்டாயப்படுத்தியோ, ஆசை காட்டியோ, ஏமாற்றியோ மதம் மாற்றினால்தான் குற்றம். நாங்கள் யாரையும் மாற்றவில்லை. ஆனால் ஆசை காட்டுவது என்பதில் அன்பளிப்பும் அடக்கம் என்றார்கள். அடுத்த வாரம் நோன்பு. நோன்பென்றால் கஞ்சி. எங்கள் பள்ளிவாசலில் தூக்குச்சட்டியோடு நிற்கிற வரிசையில் பாதிப் பேர் சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்கிற இந்து, கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள். மாலைத் தொழுகை முடிகிற நேரத்தில் அதே பெண்கள் காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிற ஆண்கள், தொழ வைக்கிற ஹஜ்ரத் முதல் மூட்டை தூக்குகிறவர் வரை, ஓதி, பிள்ளையின் நெற்றியில் ஊதிவிட்டுப் போவார்கள். எத்தனையோ காலமாக நடப்பது.

கமிட்டி கூடியது. தலைவர் தமீம் அன்சாரி பழைய இரும்பு வியாபாரி. எதையும் எடை போட்டுத்தான் பேசுவார்.

"அமீரு, கஞ்சி இன்னா? அன்பளிப்பு. ஊதறது இன்னா? சடங்குன்னு எழுதிடுவான். பொம்பளை, புள்ள, காலனி ஆளுங்க, மூணும் ஒரே வரிசையில நிக்குது. கணக்கைப் போட்டுப் பாரு."

"தலைக்கு நாலு வருஷம்" என்றேன்.

"வரிசைக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் என் வியாபார மூளை வேலை செய்தது. "சும்மா குடுத்தாத்தானே அன்பளிப்பு? வித்துட்டா வியாபாரம். டம்ளர் நாலணா வைப்போம்."

எல்லோரும் என்னை மெச்சினார்கள். ஹஜ்ரத் மட்டும் கேட்டார்: "கஞ்சிய விப்பே. ஓதி ஊதற துஆவ இன்னா பண்ணுவே?"

"அத விக்கக்கூடாது ஹஜ்ரத்."

"அப்போ?"

"பின்வாசல் இருக்குதே."

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். இரும்பு உருக்கும் மில்லில் பெருக்குகிற கங்கம்மா, கஞ்சிக் காசுக்கு வைத்த உண்டியலைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். "இன்னா பாய், நோன்புக் கஞ்சிக்கு டப்பா? உங்க அல்லாவுக்கே கஷ்டம் வந்துடுச்சா?"

"சர்க்கார் சட்டம்மா."

"சர்க்காரா கஞ்சி காய்ச்சறான்?" என்று நாலணாவை விட்டெறிந்தாள். சாயங்காலம் வாசலில் அவளும் மற்றவர்களும் காத்து நிற்க, நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சாக்கடைச் சந்து வழியாக நழுவினோம். சுவருக்கு அப்பால் அவள் குரல்: "உள்ள போன ஆம்பளைங்கல்லாம் எங்கடி? அப்டியே மேல ஏறிப் பூட்டாங்களா?"

மூன்றாம் நாள் பள்ளிவாசலுக்கு எதிர் டீக்கடையில் ஒரு புது ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, பிரவுன் ஷூ. டீ குடித்தார், மறுபடி டீ குடித்தார். கடைக்காரன் சின்னராசு காசு கேட்கவில்லை. சின்னராசு பெண் கொடுத்த மாமனாரிடமே காசு வாங்குகிறவன். அவன் காசு கேட்காத ஆள் யாரென்று எனக்கு விளங்கிவிட்டது. மஃப்டி போலீஸ். அன்று முதல் அவர் தினமும் வந்தார். எங்கள் கதவையே பார்த்தார்.

ஒரு சாயங்காலம் எல்லோரும் பின்வாசலால் போய்விட்டார்கள். உண்டியல் என் பொறுப்பு என்பதால் நான் மட்டும் பின்தங்கிவிட்டேன். சாவிக்கொத்தோடு முன்கதவைச் சாத்தப் போனால், படியில் அவர். தோளில் துண்டில் சுற்றிய ஒரு பெண் குழந்தை.

"பாய், ஊதி உடணும்."

"ஹஜ்ரத் இல்ல சார்."

"யார் வேணாலும் ஊதுவாங்கன்னு சொன்னாங்க."

"நான் மளிகைக் கடைக்காரன் சார். என் மூச்சுல மொளகாத்தூள் நெடிதான் வரும்."

"நான் போலீஸ்காரனா வரல பாய்."

போலீஸ்காரர் வேறு எப்படிச் சொல்வார்? கடைக்கு வருகிறவனுக்குச் சாமான் அவசியமா இல்லையா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அவசியமுள்ளவன்தான் அவசியமில்லாதவன்போல் நிற்பான். இவர் எதையும் மறைக்கவில்லை. ஒன்று, உண்மையிலேயே பிள்ளைக்கு முடியவில்லை. அல்லது, என்னைவிடப் பெரிய வியாபாரி.

"ஆஸ்பத்திரி?"

"ஊசி போட்டாங்க. எங்கூட்டம்மா ஆத்தாளுக்கு காசு முடிஞ்சி வெச்சிருக்கா. பக்கத்தூட்டு மெர்சி மாதாகிட்ட மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துச்சி. உங்க எடம்தான் பாக்கி."

பெண், சிறுபிள்ளை. நாலு வருடம், ஒரு லட்சம், சாட்சி போலீஸே. ஊதினால் மதம் மாறிவிடுமா என்று கேட்டால், மாறாது, எனக்குத் தெரியும். ஆனால் பயம் பேப்பர் படிப்பதில்லை. கதவைச் சாத்தத்தான் கை போயிற்று. துண்டுக்குள் காய்ச்சலில் பல் தந்தியடிக்கிற சத்தம், கடகடவென்று, என் சாவிக்கொத்தின் சத்தத்தோடு சேர்ந்து கேட்டது.

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஓதினேன். பாதியில் வரி மறந்து, முதலிலிருந்து ஓதினேன். மூன்று தரம் ஊதுவது வழக்கம். எனக்கு ஒரு தரத்துக்குத்தான் காற்று இருந்தது.

அவர் துண்டைச் சரிசெய்தார். பிறகு கேட்டார்: "உங்க பேரு?"

"எதுக்கு சார்?"

"தெரிஞ்சிக்கத்தான்."

நோன்பு மாதம்; பொய் வரவில்லை. "அமீருதீன்." அவர் அதை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். அதன்பின் டீக்கடைக்கு அவர் வரவே இல்லை. வந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஒரு மஞ்சள் பையில் லுங்கி, சீப்பு, பல்பொடி வைத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். ரோட்டில் ஜீப் போனால் தராசைக் கீழே வைத்துவிட்டு மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். சாமான் வாங்க வருகிற பிள்ளைகளுக்குக் கொசுறாகத் தருகிற பொட்டுக்கடலையையும் நிறுத்தினேன். அதுவும் அன்பளிப்புதானே?

என் மனைவி ஷமீமா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு புடி பொட்டுக்கடலைக்குப் புள்ள எந்த மதத்துக்குங்க மாறிடும்?"

"பேரு கேட்டுட்டுப் போயிருக்கான்டி."

"கேட்டா நல்லதுக்குத்தான் கேட்டிருப்பாரு."

"போலீஸ் பேரு கேட்டு எவனுக்கு நல்லது நடந்துச்சி?"

ராத்திரி யாராவது வீட்டுக் கதவைத் தட்டினால் அவளே போய்த் திறப்பாள். நான் கடையில் இருக்கிற பையை நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

2004 மே மாதம் அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்குவதாகப் பேப்பரில் வந்தது. சில நாள் கழித்து, பட்டப்பகலில், அதே பிரவுன் ஷூ என் கடைப்படியில் ஏறியது. என் கை தானாக மஞ்சள் பைக்குப் போயிற்று.

"பாய், ஞாபகம் இருக்குதா? நான் சுப்பிரமணி." பின்னால் ரெட்டைச் சடையோடு ஒரு பெண், மிட்டாய் பாட்டிலை எண்ணிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கி நீங்க ஊதினது இவளுக்குத்தான்."

"பேரு கேட்டீங்களே சார். எதுக்கு?" முதல் வார்த்தையே அதுதான் வந்தது.

"எங்கூட்டம்மா கேட்டா. வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்தும்போது பேரு சொல்லணும்ல?"

"அப்புறம் ஏன் சார் இந்தப் பக்கமே வரல?"

அவர் ரோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எப்டி வர்றது? வேவு பாக்கப் போன எடத்துலயே புள்ளைக்கு ஊதிக்கினு வந்தேன்னு நீங்க எங்கியாவது வாய உட்டீங்கன்னா? வேலை போயிருக்கும். 'ஆள் நடமாட்டம் இல்லை'ன்னு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டு, அத்திப்பட்டுப் பக்கம் மாத்தல் வாங்கிக்கினு பூட்டேன். இத்தினி நாளா கும்மிடிப்பூண்டி பஸ்ஸப் பாத்தாலே ஒளிஞ்சிக்குவேன்."

நான் பையை விட்டுவிட்டு, பொட்டுக்கடலை டப்பாவைத் திறந்து, அந்தப் பெண்ணின் இரண்டு கையும் நிறைய அள்ளிப் போட்டேன்.

அவர்கள் போனபின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஊதியது ஒரு தரம். அதற்கு நான் பயந்தது ஒன்றரை வருடம். அவர் பயந்தது ஒன்றரை வருடம். ஆக மூன்று. பெண், அதிலும் சிறுபிள்ளை; சட்டப்படி நாலு.

ஒரு வருடம் பாக்கி.