மாப்பிள்ளை வீட்டுக் குழுவில் ஒரு குரல்

தாவணகெரே கோர்ட்டில் மல்லேஷப்பா ஓய்வு பெறும்வரை சுருக்கெழுத்தராக இருந்தார். விவாகரத்து, ஜீவனாம்சம், கள்ளத் தொடர்பு என்று ஊரின் அந்தரங்கமெல்லாம் அவர் விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போனது. ஒரு வார்த்தை வீட்டுக்கு வந்ததில்லை. மனைவி சரோஜம்மா துருவித் துருவிக் கேட்டாலும், "கோர்ட்டுல கேட்டது கோர்ட்டோட" என்று ரொட்டித் தட்டை இழுத்துக்கொள்வார்.

அதனால்தான் மகள் ஸ்பூர்த்தி, அம்மாவிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னாள். அவளுக்குக் குழந்தை இல்லை. குறை அவளிடம் இல்லை, கணவன் கிரீஷிடம். யாருக்கும் தெரியக் கூடாது என்று கிரீஷ் அவள் கையைப் பிடித்துக் கேட்டிருந்தான். அவளால் தனியாகச் சுமக்க முடியவில்லை. அப்பா கேட்டுக்கொண்டார். தலையை மட்டும் அசைத்தார்.

ஓய்வு பெற்றபின் அவருக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. அப்புறம் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பார்க்கின்சன் என்றார்கள். டாக்டர் புதிதாக ஒரு மாத்திரையைச் சேர்த்த பிறகு ஆள் எழுந்து நடந்தார். தெருமுனைக்குப் போய் மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கி வந்த அன்று சரோஜம்மா அழுதேவிட்டாள்.

அதுவரை அலமாரியில் கிடந்த போனை அவர் கையில் எடுத்ததும் அப்போதுதான். எடுத்ததை வைக்கவில்லை. குளியலறைக்கும் போனோடு போனார். முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களுக்குக் கீழே சண்டை போட்டார். எழுதினால் விரல் வழுக்கியதால் எல்லாவற்றையும் பேசியே அனுப்பினார்.

"ஏன்ரீ, கண்ணு அவிஞ்சு போயிடும், வையுங்க."

"ஒரு நிமிஷம் இரு."

ஒருமுறை சரோஜம்மா பிடுங்கப் போனாள். அவள் புறங்கையில் அடித்துவிட்டார். வேலையில்லாத மனுஷன், பொழுது போகட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். போன் பார்க்கிறார் என்று எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது?

யுகாதிக்கு மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். எல்லோரும் நெய் ஊற்றி ஹோளிகைப் போளி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கிரீஷின் அத்தை நாகரத்னம்மா அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ வீட்டு இரட்டைக் குழந்தைகளின் படத்தைப் போட்டாள். கீழே எழுதியிருந்தாள்: 'நம்ம வீட்லயும் தொட்டில் ஆடணும்னுதான் ஆசை. சில நிலத்துல என்ன விதைச்சாலும் முளைக்கிறதில்ல.'

சம்பந்தி என்ற முறையில் அந்தக் குழுவில் மல்லேஷப்பாவும் இருந்தார். படித்தார். நெய்க் கையோடு மைக்கை அழுத்தினார்.

"நாகரத்னம்மா, நிலத்தக் குறை சொல்லாதீங்க. விதைதான் சொத்தை. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இருக்கு. உங்க கிரீஷையே கேளுங்க."

"அப்பா!" ஸ்பூர்த்தி பாய்ந்து வருவதற்குள் அது போய்விட்டது. "அழிங்கப்பா, சீக்கிரம் அழிங்க!"

அவர் போனை மார்போடு அணைத்துக்கொண்டார். யார் யார் கேட்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் சிரிப்பு.

கிரீஷ் எழுந்து கை கழுவினான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஸ்பூர்த்தி எல்லாவற்றையும் டாக்டரிடம் போய்க் கொட்டினாள்.

"அந்த மாத்திரை சிலருக்கு இப்படிப் பண்ணும்மா. சூதாடுவாங்க, கண்டதையும் வாங்கிக் குவிப்பாங்க, போனைக் கீழ வைக்க மாட்டாங்க. மனசுல பிரேக் பிடிக்காது. உங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

"நீங்கதானே டாக்டர் எழுதிக் குடுத்தீங்க?"

அவர் சீட்டை இழுத்து, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் விதத்தை எழுதினார்.

அந்தச் சீட்டோடு அவள் மாமியார் வீட்டுக்கு ஓடினாள். கிரீஷ் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

"அது மருந்துங்க. அப்பா இல்ல. டாக்டரே சொல்லிட்டார்."

"சரி, மருந்துதான் பேசிச்சு. மருந்துகிட்ட யார் சொன்னா?"

அடுத்த மாதமே அவன் பெளகாவிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவளைக் கூப்பிடவில்லை.

மாத்திரை குறையக் குறைய மல்லேஷப்பாவின் கையிலிருந்து போன் தானாகவே நழுவியது. கூடவே காலும் போனது. நிலைப்படிக்கு வந்தால் சிலைபோல நின்றுவிடுவார்.

"அவர் என்ன வேணா பேசிட்டுப் போகட்டும், நடந்தாப் போதும். அந்த மாத்திரையவே திரும்பக் குடுக்கச் சொல்லுடி" என்று சரோஜம்மா மகளிடம் கெஞ்சினாள்.

"எனக்குப் போனது போதாதாம்மா?" என்றாள் ஸ்பூர்த்தி.

ஒரு மத்தியானம் ரொட்டியைப் பாலில் பிய்த்துப் போட்டு அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"அழாதீங்கப்பா. எல்லாம் அந்த மாத்திரை பண்ணினது. உங்க தப்பு இல்ல."

அவர் வாயிலிருந்ததை விழுங்க நேரமாயிற்று.

"தப்புன்னு தெரிஞ்சுது தாயி. நிறுத்த முடியல, அதுவும் நெசம். ஆனா சொல்லி முடிச்சதும்... சந்தோஷமா இருந்துச்சு. எவ்வளவு நாளாச்சு, நான் சொல்றத நாலு பேர் கேட்டு."

முதல் பாதியோடு அவர் நிறுத்தியிருந்தால் அவளால் மன்னித்திருக்க முடியும். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவர் கிண்ணத்தை எடுக்க முயல்வதும், கரண்டி விளிம்பில் படபடவென்று மோதுவதும் கேட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மிச்ச ரொட்டியை, அவர் முகத்தைப் பார்க்காமல், ஊட்டி முடித்தாள்.